பெரியவள் பார்த்துக்கொள்வாள்

கேள்வி: மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று வருடமாக வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். காலை எட்டரையிலிருந்து மாலை ஏழு வரை. இப்போது நான்கு குழந்தைகள் வருகிறார்கள். தலைக்கு மாதம் 6,000 ரூபாய். கணவருக்கு அம்பத்தூரில் வேலை, வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். எங்கள் பிளாக்கிலேயே ஒரு தம்பதிக்குப் பத்து மாத இரட்டைக் குழந்தைகள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. இருவரும் சோழிங்கநல்லூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார்கள். இதுவரை பார்த்துக்கொண்ட பாட்டி மதுரைக்கே போய்விட்டாராம். “இரண்டாவது குழந்தைக்குப் பாதி வாங்கிக்கோங்க அக்கா. ரெண்டும் ஒரே நேரத்துல தூங்கும், ஒண்ணோட ஒண்ணு விளையாடிக்கும், உங்களுக்குப் பெரிசா வேலை இருக்காது” என்று கேட்டார் அந்தப் பெண். கேட்கும்போதே அழுதுவிட்டார். பெரிய டே கேர்களில் கூடப்பிறந்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்றும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? எவ்வளவு கொடுக்கலாம்? சமாளிப்பதில் சிரமம் இல்லை. பையன் எட்டாவது, நாலரைக்கு டியூஷன் போய்விடுவான். பெரியவள் பத்தாவது, அவள் தானே படித்துக்கொள்வாள், டியூஷன் எல்லாம் தேவையில்லை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு குழந்தையை அவள் பார்த்துக்கொள்வாள். கறாராகப் பேசினால் கல்நெஞ்சக்காரி என்று பெயர் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. இரட்டைக் குழந்தைகள், அண்ணன் தங்கை, அக்கா தம்பி, சில சமயம் ஒரே வீட்டில் இருக்கும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தின் கடைசியில் பெரியவளைப் பற்றி வரும் அந்த இரண்டு வாக்கியங்களைப் பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பையனின் பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். இங்கே நான்தான் எடுத்துவிட்டேன். பெண்ணுக்கு எங்கேயும் பெயர் இல்லை. “பெரியவள்” என்று மட்டும் இருக்கிறது. எட்டாவது படிக்கும் பையனுக்கு டியூஷன் வேண்டும், பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு வேண்டாம், அவள் தானே படித்துக்கொள்வாள். அப்படியா? அவளிடம் கேட்டீர்களா? நன்றாகப் படிக்கிற, எதிர்த்துப் பேசாத பெண் பிள்ளையிடமிருந்து நேரத்தைப் பிடுங்கும்போது எல்லா வீட்டிலும் சொல்வது இதைத்தான். தானே படித்துக்கொள்கிறாள் என்றால் அதற்கு ஒரு மூலையும், கதவைச் சாத்திக்கொள்ள இரண்டு மணி நேரமும் வேண்டாமா? அந்த நேரத்தில் அவள் இடுப்பில் ஒரு பத்து மாதக் குழந்தையை உட்கார வைக்கத் திட்டம் போட்டுவிட்டு, தள்ளுபடி எவ்வளவு என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

கணக்கைப் போடுவோம். இரண்டு குழந்தைகளுக்கு 12,000 வர வேண்டிய இடத்தில் 9,000 வாங்குவீர்கள். மாதம் 3,000 ரூபாய் விட்டுக்கொடுக்கிறீர்கள். உங்கள் மகள் நாலரைக்குப் பையை வைத்தது முதல் ஏழு மணி வரை ஒரு குழந்தையை வைத்துக்கொண்டால் நாளுக்கு இரண்டரை மணி நேரம். மாதம் 22 நாள் என்று வைத்தால் 55 மணி நேரம். ஆறு மாதத்துக்கு 330 மணி நேரம். பொதுத்தேர்வு எழுதும் வருடத்தில் இது போகிறது. ஐந்து தாள், 500 மதிப்பெண். அந்த மார்க்கைப் பார்த்துத்தான் பதினொன்றாவதில் என்ன குரூப் தருவது என்று பள்ளியில் முடிவு செய்வார்கள். இரட்டையர்களின் அப்பா அம்மாவுக்கு நீங்கள் சலுகை தருவதாக நினைக்கிறீர்கள். தரப்போவது உங்கள் மகள். அது அவளுக்கே தெரியாது.

வீட்டு வேலையில் பிள்ளைகள் கை கொடுக்கவே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். கொடுக்கத்தான் வேண்டும், ஆணும் பெண்ணும். சாப்பிட்ட தட்டைக் கழுவட்டும், துணி மடிக்கட்டும், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைக்கட்டும். வீடு என்றால் அப்படித்தான். ஆனால் நீங்கள் காசு வாங்கிக்கொண்டு வெளியாருக்குச் செய்து கொடுக்கும் வேலை வீட்டு வேலை ஆகாது. அது உங்கள் தொழில். அந்தத் தொழிலுக்குச் சம்பளம் இல்லாத ஆளாக ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை நிறுத்துகிறீர்கள். அதுவும் பையனைக் கேட்கவே தோன்றாமல்.

நான் நான்கு பேருக்கு மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கடைசித் தம்பிக்கு நல்ல காய்ச்சல். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே வடிவியல் படித்தேன். கால் நின்றால் அவன் அழுவான். அவன் அழுதால் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். விடிகாலையில் பார்த்தால் கட்டைவிரலைச் சுற்றிக் கயிறு பதிந்து சிவந்து கிடந்தது. அம்மா மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு கை இல்லை, அழுதது எங்கள் வீட்டுப் பிள்ளை. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

சரி, இரட்டையருக்கு வருவோம். “பெரிசா வேலை இருக்காது” என்று அந்தப் பெண் சொன்னதை மூன்று வருடம் இந்த வேலை செய்த நீங்கள் எப்படி நம்பினீர்கள்? பத்து மாதம் என்றால் தவழும் வயது, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும் வயது. ஒன்று பாத்ரூம் பக்கம் போகும், அங்கே பக்கெட்டில் தண்ணீர் இருக்கும். அதே நிமிஷம் இன்னொன்று அடுப்படியில் சிலிண்டர் டியூபைப் பிடித்து இழுக்கும். நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? ஒன்றுக்குப் பருப்பு சாதம் ஊட்டும்போது மற்றது அழும். அழுகிறதே என்று ஒரே கிண்ணத்தில் ஒரே ஸ்பூனால் மாற்றி மாற்றி ஊட்டுவீர்கள். ஒன்றுக்குச் சளி என்றால் இரண்டு நாளில் மற்றதற்கும் சளி. தூக்கமும் அப்படித்தான். முதலில் விழித்தது மற்றதையும் எழுப்பிவிடும். ஒரே நாளில் பிறந்ததால் ஒரு குழந்தையின் வேலை பாதியாகிவிடாது. இந்த வயதில் இரட்டைக்கு உண்மையாகவே இரண்டு ஜோடிக் கை வேண்டும்.

அந்த இரண்டாவது ஜோடிக் கையை உங்களுக்கு வாங்கித் தரப்போவது இரண்டாவது குழந்தையின் முழுக் கட்டணம்தான். மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை, குழந்தை வளர்த்துப் பழகிய ஒரு அம்மாவை வேலைக்கு வையுங்கள். உங்கள் பக்கத்தில் என்ன கேட்கிறார்களோ அதைப் பேசிக் கொடுங்கள். 6,000 வந்தால் அந்தச் சம்பளம் போக உங்கள் கையிலும் கொஞ்சம் நிற்க வழியுண்டு. 3,000 வந்தால் நிற்காது, மறுபடியும் கண் பெரியவள் மேல்தான் போகும்.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில்: இரண்டு வயது முடியும் வரை இரட்டைக் குழந்தைகளுக்கு மாதக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். பெரிய டே கேர் கொடுக்கிறது என்றால் அங்கே முப்பது நாற்பது குழந்தைகள் இருக்கும், ஆயாக்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள், ஒரு சலுகை அத்தனை பேர் கட்டணத்தில் கரைந்துபோகும். உங்களிடம் இருப்பது ஒரு ஹால், ஒரு பாய். கோடையில் பகலெல்லாம் ஏ.சி. போட்டால் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, கட்டணம் எங்கேயோ போய் நிற்கும். அதையும் நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள்.

கூடப்பிறந்தவர்கள் வேறு வேறு வயது என்றால் விஷயம் வேறு. தம்பி நாள் முழுக்க இருக்கிறான், யு.கே.ஜி. படிக்கும் அக்கா பள்ளி விட்டு ஒரு மணிக்கு வருகிறாள் என்றால் அவளுக்குப் பாதி வாங்குவது நியாயம். அவள் இருப்பதே பாதி நேரம்தானே. தானே சாப்பிடுவாள், தானே பாத்ரூம் போவாள்.

ஏதாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், உங்கள் கையில் இருப்பதிலிருந்து கொடுங்கள். அட்வான்ஸை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டிப்போக அரை மணி தாமதமானால் அதற்கான பணத்தை ஒரு குழந்தைக்கு மட்டும் கணக்கிடுங்கள். அதே சமயம் ஒன்றைக் கேட்டும் வாங்குங்கள்: நிற்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். இரட்டையர் நின்றால் ஒரே நாளில் உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரே பிளாக்கில் இருக்கிறீர்கள், பின்னால் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வரக்கூடாது. ஏற்கெனவே முழுக் கட்டணம் கட்டும் நான்கு அம்மாக்களையும் நினைத்துப் பாருங்கள். தள்ளுபடி கொடுத்த செய்தி மூன்று நாள்கூட ரகசியமாக இருக்காது.

அழுத அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஐ.டி. வேலைக்குப் போகிறவளுக்குக் கண்ணீர் வராமல் என்ன செய்யும்? குறைத்துக் கேட்பது பெற்றவள் செய்கிற வேலைதான், கேட்கட்டும். ஆனால் அவள் கேட்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரவும் அதில் இடம் தந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இரண்டும் உண்டு. அவர்கள் இரண்டு பேர் வேலை செய்யும் ஐ.டி. கம்பெனிகளில் 50 பேருக்கு மேல் இருக்க மாட்டார்களா? எச்.ஆரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். காப்பகம் இல்லையென்றால் வெளியில் கட்டும் பணத்தில் ஒரு பங்கு தருவீர்களா என்றும் கேட்கட்டும். அந்த 3,000 ரூபாயை அவள் அங்கே போய்க் கேட்க வேண்டும். உங்களிடம் கேட்பது உங்கள் வீடு பக்கத்தில் இருப்பதாலும், நீங்கள் மறுக்கத் தயங்குவது முகத்திலேயே தெரிவதாலும்தான்.

கல்நெஞ்சக்காரி என்ற பெயருக்குப் பயப்படுகிறீர்கள். யார் அப்படிச் சொல்லிவிடுவார்கள்? பிளாக்கில் இரண்டு பேர், நான்கு நாள். இன்னும் பத்து வருடம் கழித்து உங்கள் மகள் இந்த வருடத்தைப் பற்றி என்ன சொல்வாள் என்ற பயம் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. எனக்கு அந்தப் பயம்தான் வருகிறது.

அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள்: “ரெண்டு குழந்தைக்கும் முழுசாத்தாம்மா வாங்குவேன். ஒண்ணோட காசுல ஒரு ஆயா வைக்கிறேன், அப்பதான் உன் பிள்ளைங்க பத்திரமா இருக்கும். அட்வான்ஸை மெதுவா கொடு.” சம்மதித்தால் சரி. சம்மதிக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு குழந்தை வரும்.

அப்புறம், இன்றைக்குச் சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். பையனை டியூஷனுக்கு அனுப்பும் முன் இரண்டு பேரையும் உட்கார வைத்து, பெரியவளிடம் எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். ‘ஒண்ணுமில்லம்மா’ என்றுதான் முதலில் சொல்வாள். இரண்டாவது தடவை கேளுங்கள். அவள் சொன்ன பாடத்துக்கு டியூஷனோ, மாலையில் பள்ளியிலேயே சிறப்பு வகுப்போ எது உண்டோ அதில் சேருங்கள். ஏழு மணிக்குக் குழந்தைகள் போன பிறகு ஹாலைக் கூட்டிப் பாயைச் சுருட்டும் வேலை இனிமேல் பையனுடையது.

எனக்கு அடுத்த கடிதம் எழுதும்போது அவள் பெயரையும் எழுதுங்கள்.