செயின் இறுக்கியும் பின்சக்கரத்தில் 'டக்' சத்தம்: ஸ்போக்கைத் தட்டிப் பாருங்கள்

நண்பரே, ஏலகிரி போய் வேலூர் திரும்பியதிலிருந்து பைக்கின் பின்சக்கரத்தில் 'டக் டக்' சத்தம், செயினை இரண்டு தடவை இறுக்கியும் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இன்னும் இறுக்காதீர்கள், பேரிங் போய்விடும்.

இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரம் இரண்டரை சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் செயின் ஒரு முழுச் சுற்று வரும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் வந்தால் கோளாறு சக்கரத்தில். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில். செயின் ஓரிடத்தில் மட்டும் விறைத்தால், அந்த இடத்தில் வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும்.

எனக்கு ஸ்போக் மேல்தான் சந்தேகம். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் தரும். ஒன்றிரண்டுதான் என்றால் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டை) கால் கால் சுற்றாக இறுக்கலாம். அளவுக்கு மீறினால் ரிம் கோணும், ஸ்போக் முனை டியூபையும் குத்தும். நாலைந்து தளர்ந்திருந்தால் வீல் பெண்டு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் அந்த 14 கொண்டை ஊசி வளைவுப் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம், ஓ-ரிங் செயின் (கண்ணிகளுக்குள் ரப்பர் வளையம் வைத்தது) என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் விட்டால் போதும்.