'போச்சி த ராக்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில், வீட்டில் அருமையாகக் கிதார் வாசிக்கும் ஹிதோரி, இசைக்குழுவில் சேர்ந்ததும் ஏன் தடுமாறுகிறாள்?

கூச்சம் ஒரு காரணம்தான். முதல் மேடையிலேயே மாம்பழ அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு வாசித்தவள் அவள். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இசையிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுகள் அறைக்குள் தனியாகப் பயிற்சி செய்தவளுக்கு மற்றவர்களின் தாளத்தைக் கேட்டு வாசித்துப் பழக்கமே இல்லை. பதிவான பாட்டு நம்மைப் பொறுத்து மாறாது. ஆனால் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் பதற்றத்தில் வேகம் கூட்டினால், அந்த நொடியே கூடச் சேர்ந்து போக வேண்டும். அதற்கு நிமிர்ந்து மற்றவர்களைப் பார்க்கவேண்டும், ஹிதோரிக்கோ தலையே நிமிராது!

2022-இல் வந்த இந்தத் தொடர் இதை நேர்மையாகக் காட்டுகிறது. 8-ஆம் அத்தியாயத்தைக் கவனியுங்கள். புயல் இரவு, கூட்டம் குறைவு, முதல் பாட்டு சொதப்புகிறது. அப்புறம் ஹிதோரி திடீரென்று தனியாகக் கிதாரில் இறங்க, மற்ற மூவருக்கும் தெம்பு வருகிறது. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

தொடரில் வரும் பணக் கஷ்டமும் உண்மையானதே. ஜப்பானின் சிறிய இசை அரங்குகள் பலவற்றில், புதுக் குழுக்கள் இத்தனை டிக்கெட் விற்றே ஆகவேண்டும். விற்காவிட்டால் கைக்காசு போடவேண்டும். ஹிதோரி 5 டிக்கெட் விற்கத் திண்டாடுவது அதனால்தான்.