கோஹா நூலக மென்பொருள்ல சமீப வருஷங்கள்ல வந்த புது வசதிகள் என்னென்ன? பழைய வெர்ஷன்லயே இருந்தா என்ன?

கேட்டவர் 19.11 வெர்ஷன்ல இருக்கேன், எல்லாம் நல்லாத்தான் ஓடுது, அப்புறம் எதுக்கு மாறணும்னு சேர்த்துக் கேட்டிருக்கார். நான் ஒரு லைப்ரரில கோஹாவை பாத்துக்கற ஆள், கவுண்டர்ல உக்காந்து புக்கும் இஷ்யூ பண்ணுவேன், சர்வர் மக்கர் பண்ணா அதையும் பாப்பேன், அதனால ரெண்டு பக்கமும் அடி வாங்கின அனுபவத்துல சொல்றேன். மாறுங்க. ஆனா ரிலீஸ் நோட்ஸ்ல மேல பெருசா கொட்டை எழுத்துல போட்டிருக்கற வசதிக்காக இல்ல, கீழ யாரும் படிக்காத இடத்துல கிடக்கற சில்லறை வசதிக்காக.

கோஹா வெர்ஷன் நம்பர்னா வருஷமும் மாசமும்தான், 19.11னா 2019 நவம்பர். 2016 மே மாசத்துல இருந்துதான் இந்த முறை, அதுக்கு முன்னாடி 3.22 மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ், மே ஒண்ணு நவம்பர் ஒண்ணு, நடுவுல மாசாமாசம் பக் ஃபிக்ஸ். அப்ப நீங்க எத்தனை ரிலீஸ் தாண்டி நிக்கறீங்கன்னு நீங்களே எண்ணிக்கலாம். நல்லா ஓடுதுங்கறது சரிதான், ஆனா அந்த வெர்ஷனுக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் வர்றது நின்னு ரொம்ப நாளாச்சு, ஓபேக், அதாவது மெம்பருங்க புக் தேடற வெப் பேஜ், வெளி உலகத்துக்கு திறந்து கிடக்குற லைப்ரரின்னா அது ஒண்ணே போதும் மாறறதுக்கு.

சரி வசதிக்கு வர்றேன். எனக்கு ரொம்ப பிடிச்சது எதுன்னு கேட்டா பேக்கிரவுண்ட் ஜாப்ஸ். கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா பேட்ச் ஐட்டம் மாடிஃபிகேஷன், அதாவது நிறைய புக்கோட விவரத்தை ஒரே அடியா மாத்தற வேலை, பண்ணவங்களுக்கு தெரியும். முன்னாடி என்ன ஆகும்னா, ஒரு ரேக் முழுசா ரெஃபரன்ஸ் செக்ஷனுக்கு மாத்துறோம்னு வைங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் பார்கோடை ஒட்டுமொத்தமா போட்டு சேவ் அமுக்கினா பேஜ் சுத்திக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துல டைம்அவுட்னு வெள்ளையா நிக்கும், எத்தனை மாறிச்சு எத்தனை மாறலன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம், பக்கத்துல இருக்கறவர் வேற பதட்டத்துல இன்னொரு தடவை அமுக்கிடுவார். இப்ப அந்த வேலை ஒரு க்யூல போய் உக்காந்துக்கும், நீங்க பாட்டுக்கு வேற வேலை பாக்கலாம், ஜாப்ஸ் பேஜ்ல போய் பாத்தா எத்தனை முடிஞ்சுது எதுல எரர்னு காட்டும். 20.11ல இந்த க்யூவைப் பாத்துக்கறதுக்கு ராபிட்எம்க்யூன்னு ஒரு மெசேஜ் புரோக்கரை உள்ள கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் வந்த ரிலீஸ்கள்ல ஒவ்வொரு பெரிய வேலையா இந்த க்யூவுக்கு நகர்த்திக்கிட்டே வந்தாங்க.

இதுல நான் மாட்டின கதையும் சொல்லிடறேன். அப்கிரேடு பண்ணி முடிச்ச மறுநாள் ஒரு பெரிய லிஸ்ட்டை க்யூல போட்டுட்டு சாப்பிட போயிட்டேன், வந்து பாத்தா ஜாப் ஸ்டேட்டஸ் "நியூ"ன்னே நிக்குது, பூஜ்யத்துல இருந்து ஒண்ணு கூட நகரல. ஒரு மணி நேரம் டேட்டாபேஸை குடைஞ்சேன், லாக் ஃபைலை எல்லாம் மேஞ்சேன். கடைசில பாத்தா க்யூல இருக்கறதை எடுத்து செய்யற ஒர்க்கர் ப்ராசஸ் ஓடவே இல்ல! அதுலயும் சின்ன வேலைகளுக்கு ஒரு ஒர்க்கர், நேரம் பிடிக்கற வேலைகளுக்கு இன்னொரு ஒர்க்கர்னு ரெண்டு உண்டு, முதல் ஆள் வேலை பாத்துக்கிட்டு இருந்தார், ரெண்டாவது ஆளை யாரும் எழுப்பி விடல. டெர்மினல்ல கோஹா-ஒர்க்கர் கமாண்டுல ஸ்டேட்டஸ் பாத்து ஸ்டார்ட் குடுத்ததும் சரசரன்னு ஓட ஆரம்பிச்சுது. அப்கிரேடு முடிஞ்சதும் அபவுட் பேஜை ஒரு தடவை திறந்து பாருங்க, இந்த மாதிரி நிறைய குறையை அங்கயே சொல்லிடுது, நான்தான் பாக்கல.

அடுத்தது 22.11ல வந்த கேட்டலாக் கன்சர்ன்ஸ். ஓபேக்ல லாகின் பண்ணின மெம்பர் ஒரு புக்கோட பேஜ்ல "இதுல தப்பு இருக்கு"ன்னு எழுதி அனுப்பலாம், அது ஸ்டாஃப் பக்கத்துல ஹோம் பேஜ்லயே எண்ணிக்கையோட வந்து நிக்கும், சரி பண்ணிட்டு முடிச்சாச்சுன்னு குறிச்சு அவங்களுக்கு பதிலும் அனுப்பலாம். இதெல்லாம் யார் யூஸ் பண்ண போறாங்கன்னு நினைச்சுதான் ஆன் பண்ணேன். முதல்ல வந்ததே ஒரு நாவலோட ரெண்டு பாகத்துக்கும் ஐஎஸ்பிஎன் இடம் மாறி இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், எடுத்து பாத்தா ஆமா, அட்டைப் படமும் மாறித்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கு, வருஷக்கணக்கா! நாங்க ஸ்டாக் வெரிஃபிகேஷன் பண்றப்ப பார்கோடைத்தான் பாப்போம், ரெக்கார்டுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் பாக்கறாங்க. கேட்டலாக்கோட நிஜமான ப்ரூஃப் ரீடர் தேடிப் படிக்கறவங்கதான். கேட்டலாக்கிங் பண்ற அக்காவுக்கு முதல்ல கொஞ்சம் சுருக்குன்னு இருந்துது, இப்ப அவங்கதான் காலைல முதல்ல அதைத் திறக்கறாங்க.

22.05ல ஸ்டாஃப் லாகினுக்கு டூ ஃபேக்டர் வந்துது, ஃபோன்ல இருக்கற ஆத்தென்டிகேட்டர் ஆப்ல வர்ற ஆறு நம்பரை போடணும். இது மெம்பருங்க லாகினுக்கு இல்ல, ஸ்டாஃப் பக்கத்துக்கு மட்டும். மெம்பரோட அட்ரஸ், ஃபோன், என்ன படிக்கறாங்கங்கற விவரம் எல்லாம் இருக்கற இடத்துக்கு ஒரே பாஸ்வேர்டை மூணு பேர் சேர்ந்து யூஸ் பண்ற லைப்ரரிங்க எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும், மானிட்டர்ல ஒட்டி வெச்சிருப்பாங்க. அந்தப் பழக்கத்தை நிறுத்தறதுக்காகவே ஆன் பண்ணலாம். ரெண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே பாருங்க. ஒண்ணு, சர்வர்ல இருக்கற கோஹா கான்ஃப்ங்கற செட்டிங்ஸ் ஃபைல்ல என்க்ரிப்ஷன் கீன்னு ஒரு வரி இருக்கணும், பழைய இன்ஸ்டாலேஷன்ல அது இருக்காது. இன்னொண்ணு சர்வரோட கடிகாரம். எங்க சர்வர் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அதுவரைக்கும் யாருக்கும் தெரியல, டூ ஃபேக்டர் போட்டதும் எந்த நம்பரை அடிச்சாலும் தப்புன்னு சொல்லுது, எல்லாரும் என்னையே பாக்கறாங்க.

இனிமே பெரிய வசதிகள். 22.11ல வந்த ஈஆர்எம் மாட்யூல், அதாவது எலக்ட்ரானிக் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட். ஈ-ஜர்னல் பேக்கேஜ், டேட்டாபேஸ் சந்தா எல்லாம் யார்கிட்ட என்ன ஒப்பந்தம், லைசன்ஸ் எப்ப முடியுது, எந்தப் பேக்கேஜ்ல எந்த டைட்டில் இருக்குன்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுக்கலாம், எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்கங்கற யூசேஜ் புள்ளிவிவரம் எடுக்கறதும் அப்புறம் வந்துது. பல ஈ-ரிசோர்ஸ் வாங்கற லைப்ரரிக்கு இது வரப்பிரசாதம், எக்ஸெல் ஷீட்டுல கஷ்டப்பட்டவங்களைக் கேட்டுப் பாருங்க. நீங்க வாங்கறது ரெண்டு மூணு சந்தாதான்னா தொடவே வேணாம். 23.11ல வந்த ப்ரிசர்வேஷன் மாட்யூலும் அப்படித்தான், பழைய புக்கை ரிப்பேருக்கு, டிஆசிடிஃபிகேஷனுக்கு (தாள்ல இருக்கற அமிலத்தை நீக்கறது) வண்டி வண்டியா அனுப்பற இடங்களுக்கு. கர்ப்சைடு பிக்கப்னு ஒண்ணு, மெம்பர் நேரம் குறிச்சு வாசல்லயே வந்து புக்கை வாங்கிட்டு போறது, கொரோனா காலத்து தேவைன்னு சொல்லவே வேணாம், எங்களுக்கு அது ஆகல.

ஏன் இப்படி ஒருத்தருக்கு உயிரா இருக்கறது இன்னொருத்தருக்கு பிரயோஜனமே இல்லாம இருக்குன்னு யோசிச்சா, கோஹா வளர்ற விதமே அதுதான். 1999ல நியூசிலாந்துல ஹோரோஃபெனுவா லைப்ரரி டிரஸ்டுக்கு அவங்க பழைய சிஸ்டம் 2000ம் வருஷத்தை தாண்டாதுன்னு தெரிஞ்சதும் கட்டிபோங்கற கம்பெனி எழுதிக் குடுத்தது இது, 2000 ஜனவரில ஓட ஆரம்பிச்சுது, மவோரி மொழில கோஹான்னா அன்பளிப்பு, அதனால அப்பவே ஓபன் சோர்ஸா விட்டுட்டாங்க. அன்னிலருந்து இன்னி வரைக்கும் எந்த லைப்ரரிக்கு எது தேவையோ அவங்க எழுதுவாங்க, இல்ல காசு குடுத்து எழுத வைப்பாங்க, இன்னொருத்தர் டெஸ்ட் பண்ணி சைன்-ஆஃப் குடுக்கணும், அப்புறம் தரம் பாக்கற க்யூஏ டீம் பாத்து, அதுக்கப்புறம்தான் உள்ள போகும். ரிலீஸ் நோட்ஸ்ல ஸ்பான்சர் பண்ணவங்க பேர் தனியாவே வரும், அதைப் படிச்சா எந்த வசதி எந்த மாதிரி லைப்ரரில இருந்து கிளம்பினதுன்னு ஒரு ஐடியா கிடைக்கும். நல்ல விஷயம் என்னன்னா இந்தப் பெரிய மாட்யூல்கள் எல்லாம் அப்கிரேடு பண்ணதும் ஆஃப்லதான் இருக்கும், சிஸ்டம் ப்ரிஃபரன்ஸ்ல, அதாவது கோஹாவோட செட்டிங்ஸ் பேஜ்ல, நாமளா போய் ஆன் பண்ணாத்தான் உண்டு.

ரீகால் பத்தி தனியா கேட்டிருந்தீங்க, ஹோல்டும் ரீகாலும் ஒண்ணுதானேன்னு. இல்ல. ஹோல்டுன்னா வரிசைல நிக்கறது, புக்கை வெச்சிருக்கறவர் ட்யூ டேட் வரைக்கும் ஹாயா வெச்சிருப்பார். ரீகால்னா அவரோட ட்யூ டேட்டையே முன்னாடி இழுத்து "சீக்கிரம் கொண்டாங்க, இன்னொருத்தர் கேக்கறார்"னு நோட்டீஸ் போயிடும், எத்தனை நாள் டைம், தாண்டினா ஃபைன் எவ்வளவுங்கறதை சர்க்குலேஷன் ரூல்ஸ்ல தனித்தனியா வெக்கலாம். ஆறு மாசத்துக்கு புக் எடுத்துட்டு போற ப்ரொஃபசர்கள் இருக்கற இடத்துல இது தேவைதான். ஆனா மென்பொருள் ட்யூ டேட்டை இழுத்துடும், அந்த ப்ரொஃபசருக்கு ஃபோன் போட்டு பேச்சு வாங்கப் போறது நீங்கதான், அதனால மேலிடத்துல பேசி விதியா எழுதி வாங்கிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

இப்ப அப்கிரேடுல எது உடையும்னு. 22.11ல ஸ்டாஃப் பக்கத்தோட முகத்தையே மாத்திட்டாங்க, மெனு, பட்டன், கலர் எல்லாம் புதுசு. பாக்க நல்லா இருக்கு, ஆனா நீங்க சிஸ்டம் ப்ரிஃபரன்ஸ்ல சொந்தமா ஜாவாஸ்கிரிப்டு, சிஎஸ்எஸ் போட்டு பட்டனை ஒளிச்சு வெச்சிருந்தா அது பழைய பேஜோட அமைப்பை நம்பி எழுதினது, கண்டிப்பா எதாவது புட்டுக்கும். எங்க கவுண்டர்ல ஃபைன் தள்ளுபடி பட்டனை தற்காலிக ஸ்டாஃபுக்கு தெரியாம ஸ்கிரிப்டு போட்டு மறைச்சிருந்தோம், அப்கிரேடுக்கு அப்புறம் அது பளிச்னு தெரிய ஆரம்பிச்சுது, அவங்களும் தாராள மனசோட தள்ளுபடி பண்ணிட்டாங்க! தப்பு எங்களோடதுதான், அதுக்குன்னு பர்மிஷன் இருக்கறப்ப பட்டனை மறைக்கறது ஒரு வழியா.

ரிப்போர்ட்டும் அப்படித்தான். டேட்டாபேஸ்ல டேபிள் பேரோ காலம் (column) பேரோ மாறினா பழைய எஸ்க்யூஎல் ரிப்போர்ட் வேலை செய்யாது. உதாரணத்துக்கு புக்கோட முழு கேட்டலாக் ரெக்கார்டான மார்க் எக்ஸ்எம்எல் இருந்த இடத்தை 17.05ல தனி டேபிளுக்கு மாத்தினாங்க, நீங்க 19.11ல இருக்கறதால அந்தக் கண்டத்தை தாண்டியாச்சு, ஆனா ஃபைன் கணக்கு டேபிள்ல டைப் காலத்தை (column) மாத்தின ரிலீஸ்கள் உங்க வெர்ஷனை ஒட்டித்தான் வந்துது, அதனால ஃபைன் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

செய்யற முறை ரொம்ப சிம்பிள். கோஹா-டம்ப் கமாண்டுல பேக்கப் எடுங்க, வேற ஒரு மெஷின்ல அதே பழைய வெர்ஷனைப் போட்டு கோஹா-ரீஸ்டோர் பண்ணுங்க, அங்க அப்கிரேடு பண்ணி ஒரு வாரம் இஷ்யூ ரிட்டர்ன் எல்லாம் பொய்யா பண்ணிப் பாருங்க, அப்புறம் நிஜ சர்வரைத் தொடுங்க. டேட்டாபேஸ் ஒருமுறை புது அமைப்புக்கு மாறிட்டா பின்னாடி வர பட்டன் கிடையாது, டம்ப்ல இருந்து மறுபடி ஏத்தறதுதான் வழி. கோஹாவை எங்கிருந்து எடுக்கணும்னு சர்வருக்கு சொல்ற ஆப்ட் சோர்ஸ் ஃபைல்ல "ஸ்டேபிள்"னு போடாதீங்க, வெர்ஷன் நம்பரையே போடுங்க, இல்லன்னா என்னிக்கோ ஒருநாள் வழக்கமான அப்டேட்னு நினைச்சு அமுக்குவீங்க, அது பாட்டுக்கு அடுத்த பெரிய ரிலீசுக்கு தாவிடும், அதுவும் கவுண்டர்ல க்யூ நிக்கற நேரமா பாத்து. எந்த வெர்ஷன்னு கேட்டா, 22.11ஐயும் 24.11ஐயும் நீண்ட நாள் ஆதரவுன்னு அறிவிச்சாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்த கூத்து வேணாம்னா அந்த மாதிரி நீண்ட நாள் ரிலீஸ்ல எது அப்ப புதுசோ அதைப் பிடிச்சுக்கோங்க.

இன்னொண்ணு மறந்துட்டேன், தேடல். கோஹாவுக்குள்ள புக்கைத் தேடித் தர்ற இன்ஜின் ரெண்டு உண்டு, அதுல ஸீப்ராவை விட்டுட்டு எலாஸ்டிக்சர்ச்சுக்கு இதோட சேர்த்து மாறிடலாமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, எதாவது புக் தேடலில் வரலன்னா அப்கிரேடால வரலயா தேடல் மாறினதால வரலயான்னு தலையைப் பிச்சுக்கணும். தமிழ் மாதிரி லத்தீன் அல்லாத எழுத்துல டைட்டில் நிறைய இருந்து அது சரியா சிக்கலன்னா முதல்ல ஸீப்ரா எழுத்துகளைப் பிரிச்சு இன்டெக்ஸ் பண்ற முறை ஐசியூல இருக்கா பழைய சிஎச்ஆர்லயே இருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி அதுதான் காரணம், ஐசியூக்கு மாத்தி முழுசா ரீஇன்டெக்ஸ் பண்ணினாலே தீந்துடும், 19.11லயே பண்ணலாம், இன்னிக்கு சாயங்காலமே உக்காருங்க.