ஹெபடைடிஸ் சி மாத்திரையும் மாலை நேர நடுக்கமும்: எது மருந்தின் பக்கவிளைவு, எது இல்லை?

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். அண்மையில் ஹெபடைடிஸ் சி தொற்றும், தொடக்கநிலைக் கல்லீரல் சுருக்கமும் இருப்பது தெரியவந்தது. அரசு மருத்துவமனையில் சோபோஸ்புவிர் 400 மி.கி., வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரையை 12 வாரங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நான்காவது வாரம். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை எல்லாம் இருக்கின்றன. மாலையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. நெஞ்செரிச்சலுக்காகப் பான்டோபிரசோலையும் காலையில் வெறும் வயிற்றில் இதோடு சேர்த்தே போடுகிறார். ஒரு வாரம் நிறுத்தி, கீழாநெல்லி கொடுத்து, உடம்பு தேறியதும் தொடரலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவு குறையும் நாட்களில் வைரஸ் மீண்டும் பெருகும். அப்படிப் பெருகும் வைரஸில் மருந்துக்கு அடங்காத வகை தலைதூக்கினால், அடுத்த முறை சிகிச்சை நீண்டதாகவும் சிக்கலானதாகவும் ஆகிவிடும். உங்கள் தாயார் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தைக் கடந்துவிட்டார். மீதி வாரங்களை அவர் ஓரளவு நிம்மதியாகக் கடக்கச் செய்ய முடியும்.

நீங்கள் எழுதியவற்றுள் என்னை உடனே கவலைகொள்ள வைத்தது மாலை நேர நடுக்கமும் வியர்வையும்தான். இதை ஹெபடைடிஸ் சி மாத்திரையின் பக்கவிளைவு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். வைரஸ் ஒடுங்கும்போது இன்சுலின் உடலில் முன்பைவிட நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஆனால் சர்க்கரை மாத்திரை பழைய அளவிலேயே தொடர்வதால், குறிப்பாகக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவற்றில் ஒன்றை எடுப்பவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை இயல்புக்கும் கீழே இறங்கிவிடலாம். குமட்டலால் மதியச் சாப்பாடு குறைந்திருந்தால் இது இன்னும் எளிதாக நேரும். அடுத்த முறை நடுக்கம் வரும்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். கருவி கையில் இல்லை என்றால் சோதனைக்காகக் காத்திராமல் முதலில் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டி, கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். குறைக்க வேண்டியது அந்த மாத்திரையாக இருக்கலாமே தவிர, ஹெபடைடிஸ் சி மாத்திரை அன்று.

அடுத்தது காஸ் மாத்திரை. இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இதுவே சிகிச்சையைச் சத்தமின்றிக் கெடுக்கக்கூடியது. வெல்பட்டாஸ்விர் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். அமிலச் சுரப்பைப் பான்டோபிரசோல் அடக்கிவிட்டால் மருந்து போதிய அளவு ரத்தத்தில் சேராது. நெஞ்செரிச்சல் தாங்கக்கூடியதாக இருந்தால் இந்த 12 வாரங்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. அப்படிப்பட்ட மாத்திரை கட்டாயம் தேவை என்று மருத்துவர் கருதினால், வெல்பட்டாஸ்விர் மாத்திரையை உணவோடு விழுங்கி, 4 மணி நேரம் கழித்து ஓமிபிரசோல் 20 மி.கி. எடுப்பதே வகுக்கப்பட்ட முறை. ஜெலுசில், டைஜீன் போன்ற மருந்துகளுக்கும் முன்னும் பின்னும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரவு உணவைச் சீக்கிரம் முடிப்பதும், புளியும் காரமும் குறைப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதும் பலருக்கு மாத்திரையின் தேவையே இல்லாமல் செய்துவிடும்.

குமட்டலுக்கு எளிய வழி உண்டு. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும் என்பதில்லை. காலை இட்லிக்குப் பிறகோ இரவு உணவுக்குப் பிறகோ போடலாம். எந்த நேரமானாலும் அதே நேரத்தில் தினமும் போட வேண்டும். உங்கள் தாயாருக்குத் தூக்கமும் கெட்டிருப்பதால் காலை உணவுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. மாத்திரை விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். அதற்குப் பிறகு என்றால் வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் நோய்களைக் கட்டுப்படுத்த 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் மருந்தை எண்ணித்தான் தருகிறார்கள் என்பதால், கூடுதலாகச் செலவான மாத்திரையைச் சிகிச்சை மையத்தில் உடனே தெரிவியுங்கள். ஒரு வேளை மறந்துபோய், 18 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுவிடலாம். அதைத் தாண்டினால் அடுத்த வேளைக்கு ஒன்றே போதும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

தலைவலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. போதும். கல்லீரல் சுருக்கம் இருப்பதால் ஒரு நாளில் மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டைக்குளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அவருடைய சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அசதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதே மாத்திரையை 624 பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரையை 116 பேருக்கும் கொடுத்து, 2015-இல் வெளியான ஆய்வில், இரு தரப்பிலும் 20 சதவீதம் பேர் அசதியைச் சொன்னார்கள். தலைவலியை மருந்து எடுத்தவர்களில் 29 சதவீதம் பேரும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேரும் சொன்னார்கள். உங்கள் தாயாரின் அசதி பொய் என்று இதற்குப் பொருளில்லை. அதில் பெரும்பங்கு நோயிலிருந்தும், கவலையிலிருந்தும், தூக்கக் குறைவிலிருந்தும் வரலாம் என்பதால், அவற்றைக் கவனித்தால் பலன் கிடைக்கும் என்பதே பொருள். இந்நோய்க்கு முன்பு தரப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசியை வாரந்தோறும் போட்டுக் காய்ச்சலிலும் மனச்சோர்விலும் மாதக்கணக்கில் கிடந்தவர்களைப் பார்த்த குடும்பங்களில் அந்தப் பழைய அச்சம் இன்னும் இருக்கிறது. இன்றைய மாத்திரைகள் அப்படிப்பட்டவை அல்ல.

இந்த மாத்திரையோடு சிலருக்குச் சேர்த்துத் தரப்படும் ரிபாவிரின் என்ற இன்னொரு வைரஸ் எதிர்ப்பு மருந்தை எடுப்பவர்களின் நிலை வேறு. அது சிவப்பணுக்களைச் சிதைப்பதால், முதல் நான்கு வாரங்களுக்குள் ஹீமோகுளோபின் இறங்கி, படியேறினாலே மூச்சு வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரை இதற்குத் தீர்வாகாது. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் ரிபாவிரின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ரிபாவிரின் கருவைச் சிதைக்கக்கூடியது என்பதால், சிகிச்சைக் காலத்திலும், முடிந்தபின் எடுப்பவர் ஆணானால் குறைந்தது 6 மாதங்களும், பெண்ணானால் குறைந்தது 9 மாதங்களும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

கீழாநெல்லியை இப்போது கொடுக்க வேண்டாம். நடுவே கல்லீரல் என்சைம் உயர்ந்தால் காரணம் மருந்தா கஷாயமா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இந்த மருந்தின் வலுவைக் குறைத்துவிடும். இதயத்துக்கான அமியோடரோனுடன் சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மயக்கம், கண் மஞ்சளாதல், கறுப்பு நிற மலம், வயிறு உப்புதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றுள் எது வந்தாலும் புறநோயாளர் நாளுக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள்.