மாடியில் வைத்த வெள்ளை டைல்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

தூத்துக்குடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் கவலை நான்கு பக்கம், மகளைப் பற்றி ஆறே வரி. அந்த ஆறு வரியில்தான் விஷயம் இருக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெள்ளை டைல்ஸ் ஒன்றை வைத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் பஞ்சால் துடைத்து, பஞ்சின் நிறத்தையும் காற்று வந்த திசையையும் நோட்டில் குறிக்கிறாள். மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்குச் செம்மண், கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்குக் கரி என்று எட்டு மாதமாக எழுதி வருகிறாள். இந்தப் பைத்தியத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். தூசி எந்தத் திசைக் காற்றில் வருகிறது என்று பார்த்து, அது எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு தொழிலே இருக்கிறது. உங்கள் பெண் யாரும் சொல்லித்தராமல் அதன் முதல் பாடத்தை முடித்துவிட்டாள். தென்மேற்கே தேரிக்காட்டுச் செம்மணல், கிழக்கே நிலக்கரி இறங்கும் துறைமுகம். அவள் நோட்டு சொல்வது நம்பத்தக்கதுதான்.

'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்று எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்த வாரம் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டப்போவதாகச் சொல்கிறீர்கள். அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் அண்ணன் சொன்னபடி, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து ஆண்டுக்கு ₹4.5 லட்சம். அதில் ₹3 லட்சம் வங்கிக் கடன், மீதிக்கு நகை. நான்கு ஆண்டில் கடன் ₹12 லட்சம். 11 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் ₹4.62 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக அசல் ₹16.62 லட்சம். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய ₹22,900, மொத்தம் கட்டுவது ₹27 லட்சத்துக்கு மேல். மினி லாரி ஓட்டும் உங்கள் கணவர் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைக்கப்போகிறார். மகளுக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் தள்ளிப்போனாலும் வங்கி காத்திருக்காது. இந்தக் கடனை வாங்காதீர்கள். பிள்ளைக்குக் கணினியில் உயிர் என்றிருந்தாலாவது யோசிக்கலாம். வேதியியலில் 94, கணக்கில் 71, கணினி பக்கமே போகாத குரூப். அவளுக்கு இது பொருந்தாது.

உங்கள் அண்ணன் மகன் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான், சந்தோஷம். தாய்மாமா சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்ந்தவர் நீங்கள், அதுவும் புரிகிறது. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. நாலு வருஷம் பிடிக்காத பாடத்தைப் படிக்கப்போவதும் அவர் இல்லை. 'காற்றைப் படித்தால் மரம் நடும் வேலைதான் கிடைக்கும்' என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

2009 நவம்பரில் மத்திய அரசு காற்றுக்கு 12 அளவுகோல்களை அறிவித்தது. பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்), பி.எம். 10 (10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்), கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஈயம், ஆர்சனிக், நிக்கல். இந்தப் பட்டியலை மகளிடம் காட்டுங்கள். முழுக்க முழுக்க வேதியியல். 2019இல் தேசிய தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது முதல் பட்டியலில் இருந்த 102 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் தூத்துக்குடி. சென்னை, மதுரை, திருச்சி எல்லாம் பிறகு சேர்ந்தவை. அவளுடைய பாடம் அவள் வீட்டு மாடியிலேயே கிடக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நீங்கள் முடிவெடுக்க முடியும், ஆகவே பி.எம். 2.5 ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதான, 47 மில்லிமீட்டர் வட்ட வடிகட்டித் தாள். டெஃப்லானால் ஆனது. அதை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்பட்ட அறையில் 24 மணி நேரம் வைத்திருந்து, ஒரு மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் எடை போட வேண்டும். விரல் படக்கூடாது, பல் இல்லாத இடுக்கியால் ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். டெஃப்லானில் நிலைமின் ஏறும், அதை நீக்காமல் வைத்தால் தராசு காட்டும் எண் நிலைகொள்ளாது. பிறகு கருவியில் மாட்டி, நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்தால் 24 கனமீட்டர். திரும்ப அதே அறை, அதே 24 மணி நேரம், அதே தராசு. எடை 1.2 மில்லிகிராம் கூடியிருந்தால் காற்றில் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம். நம் நாட்டு 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

இதில் பிசகு எங்கே வரும்? வடிகட்டி பிடிப்பானின் ரப்பர் வளையம் தேய்ந்து பத்தில் ஒரு பங்கு காற்று தாளைத் தொடாமல் போனால், உண்மையில் 64 இருந்த காற்று 58 என்று பதிவாகும். வரம்பைத் தாண்டிய நாள், தாண்டாத நாளாகிவிடும். மழைக்காலத்தில் தாளைப் பதப்படுத்தாமல் எடை போட்டால் ஈரமும் தூசியாகக் கணக்கில் ஏறும். கருவிக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடினால் ஊர்க்காற்றை விட்டுவிட்டு ஜெனரேட்டர் புகையைத்தான் அளப்போம். இவற்றைப் பிடிக்கச் சலிக்காத கண் வேண்டும். எட்டு மாதம் விடாமல் பஞ்சைப் பார்த்து எழுதியவளுக்கு அது இருக்கிறது.

எடை போட்டதோடு முடியாது. தாளில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். அதை நீரில் அலசி, அயனிகளைப் பிரித்து அளக்கும் கருவியில் விடுவார்கள். கடல்நீரில் சோடியத்துக்குக் குளோரைடு எடையில் 1.8 மடங்கு. கடலோரத் துகளில் அது குறைந்து நைட்ரேட் கூடியிருந்தால், வாகன, ஆலைப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகி, உப்பிலிருந்து குளோரினை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன என்று பொருள். உப்பளத்து ஊர்ப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். சல்பேட் இருந்தால் நிலக்கரிப் புகையின் கந்தகத்தைத் தேடிப் போக வேண்டும். ஓசோன் இன்னும் சிக்கல். அதை எந்தப் புகைபோக்கியும் விடுவதில்லை. நைட்ரஜன் டைஆக்சைடு வெயிலில் உடைந்து, ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் துணையோடு வானத்திலேயே உருவாகிறது. சில இடங்களில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் குறைத்தால் ஓசோன் ஏறிவிடுகிறது. இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் அரசுக்கும் தேவை, ஆலைக்கும் தேவை.

தமிழ்நாட்டில் பிறந்த வளிமண்டல விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், அந்தக் காலத்து பிரிட்ஜில் இருந்து கசிந்த சிஎஃப்சி வாயு கார்பன் டைஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975இல் காட்டினார். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்தானே என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். ஆமாம். சுற்றி வளைத்துத்தான் இந்தத் துறைக்கு வந்தார். உங்கள் மகள் வாசலிலேயே நிற்கிறாள், அவளை எதற்குச் சுற்ற வைக்க வேண்டும்?

சரி, வழி. இளநிலையில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்று பெயர் போட்ட பட்டத்தை எடுக்க வேண்டாம். பி.எஸ்சி. வேதியியல், துணைப்பாடமாகக் கணிதமும் இயற்பியலும். மனம் மாறினாலும் மருந்து, உணவு, நீர்ப் பரிசோதனை என்று பல கதவு திறந்திருக்கும். அரசு கலைக் கல்லூரியிலோ, உதவிபெறும் கல்லூரியின் உதவிபெறும் பிரிவிலோ சேருங்கள், சுயநிதிப் பிரிவில் வேண்டாம். அரசுக் கல்லூரியில் ஓராண்டுக்குச் செலவாவது சில ஆயிரம்தான். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படியென்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 அவள் கணக்குக்கே வரும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆய்வகத்தில் ஒளியைச் செலுத்திக் கரைசலின் செறிவை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேலை செய்கிறதா, மாணவர்கள் கையால் தொட்டு இயக்குகிறார்களா என்று கேளுங்கள்.

முதுநிலைக்கு இரண்டு நுழைவுத்தேர்வு. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம், புதுச்சேரி, ஜே.என்.யு. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் அதற்குப் பிறகு ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் ஜே.ஆர்.எஃப். தேர்வு. தேறியவர்களுக்கு மாதம் ₹37,000, வீட்டு வாடகைப்படி தனி. புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், திருப்பதிப் பக்கம் கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் எல்லாம் காற்றின் வேதியியலில் ஆராய்ச்சி நடக்கும் இடங்கள்.

ஆராய்ச்சி வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986இன்படி 'அரசுப் பகுப்பாய்வாளர்' என்று அங்கீகாரம் பெற, அறிவியல் பட்டத்தோடு சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் ஐந்தாண்டு அனுபவம், அல்லது முதுநிலையோடு இரண்டாண்டு. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அறிக்கைக்குக் கையெழுத்திடும் ஆள் அவர்தான். அவர் கையெழுத்து நீதிமன்றம் வரை போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு 'சுற்றுச்சூழல் விஞ்ஞானி' பணி உண்டு. ஆண்டுதோறும் ஆள் எடுக்க மாட்டார்கள், ஆகவே அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. தனியார் ஆய்வகத்தில் தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவு, கையெழுத்துத் தகுதி வரும்வரை அப்படித்தான். கடன் இல்லாமல் இருந்தால்தான் அந்தச் சில ஆண்டைத் தாண்ட முடியும், கடனுக்கு நான் இவ்வளவு கடுமையாக மறுப்புச் சொல்வது அதனாலும்தான். களப்பணியில், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள் வைக்கும் அளவீடுகளுக்குக் காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்குத் தாள் மாற்ற வேண்டியிருக்கும். இரவு முறைக்கு வண்டியும் துணையாளும் தரும் இடமா என்று கேட்டுத்தான் சேர வேண்டும். ஆலைப் புகைபோக்கியில் மாதிரி எடுக்க ஏணியில் ஏற வேண்டும், உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆய்வகத்துக்குள்ளேயே வேலை தேடலாம். களத்துக்கே போகாமல் எண்ணை எழுதி அறிக்கை கொடுக்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன. நேர்காணலில் மூலப் பதிவேட்டையும் கருவிகளின் அளவுத்திருத்தச் சான்றிதழையும் அவள் காட்டச் சொல்லட்டும். தயங்கினால் எழுந்து வந்துவிடட்டும்.

கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளட்டும், அதற்கு ₹27 லட்சம் தேவையில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் தானியங்கி நிலையங்களின் 15 நிமிட அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கி, காற்றுத் திசையோடு வைத்து வரைபடம் போடுவதே நல்ல பயிற்சி.

இந்த வாரம் செய்ய வேண்டியது: அட்வான்ஸ் கட்டாதீர்கள். அரசுக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன் போடுங்கள். அண்ணனிடம் உங்கள் கணவர் பேசட்டும், மகளைப் பேச வைக்காதீர்கள்.

அவளுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸில் நிறம் தெரியும், அளவு தெரியாது. வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், காக்கை உட்காராதபடி சுற்றிலும் கம்பி வளையம் கட்டி வைக்கட்டும். கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அது வற்றாமல் பார்த்துக்கொள்ளட்டும். மாதம் முடிந்ததும் நீரை ஆவியாக்கி, மிஞ்சிய தூசியைப் பள்ளி ஆய்வகத் தராசில் எடை போட்டு, ஜாடி வாயின் பரப்பால் வகுக்கட்டும். அந்த எண்ணையும் அதே நோட்டில், காற்றுத் திசைக்குப் பக்கத்தில் எழுதி வரட்டும்.