எட்டு ஜமுக்காளம் விரிக்கும் அறை

கேட்கப்பட்ட கேள்வி: "ஐ.டி. வேலையை விட்டுவிட்டு யோகா ஆசிரியராகலாம் என்று யோசிக்கிறேன். வீட்டிலேயே வகுப்பு நடத்திக் காலம் தள்ள முடியுமா? ஆயுள் முழுக்க இதையே செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

முடியும். திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் 1993 தை மாதம் மூன்று பேரோடு ஆரம்பித்தேன். இன்றைக்கும் அதே அறைதான். ஆனால் பணக் கணக்கை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் யோகாவுக்கு வந்தது வீசிங்கால். 1984இல் எனக்கு 23 வயது. மயிலாப்பூரில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்கழிப் பனியில் பல ராத்திரிகள் உட்கார்ந்தபடியேதான் விடியும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தன் வீட்டிலேயே யோகா சொல்லித் தருகிறார் என்று அத்தை கூட்டிப் போனார். அங்கே ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடம். தலைகீழாக நிற்கச் சொல்வார் என்று பயந்துகொண்டு போனவளை மல்லாந்து படுக்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும், விடும்போது கீழே கொண்டுவர வேண்டும். ஆறு வாரம் இதுவும், இதைப் போல இன்னும் இரண்டு மூன்று அசைவுகளும்தான். தினமும் ஒரே திருத்தம்: "கை முந்திக்கிட்டு வருதும்மா. மூச்சு முதல்ல கிளம்பட்டும், கை அதுக்குப் பின்னாடி வரட்டும்."

அடுத்த மார்கழியில் படுத்துத் தூங்கினேன். யோகா ஆஸ்துமாவைக் குணமாக்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஹேலர் இன்றும் என் கைப்பையில் இருக்கிறது. மூச்சு முட்டும்போது வரும் பயம்தான் போனது. அந்தப் பயம் போனதே எனக்கு ஒரு புது வாழ்க்கை மாதிரி இருந்தது. அந்த வாரத்தில்தான் இதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகும் பல வருடம் அவரிடம் கற்றுக்கொண்ட பின்புதான் ஆரம்பித்தேன்.

என் ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பரம்பரையில் பயின்றவர். இந்தப் பெயரை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. இன்று உலகம் முழுக்க நடக்கும் யோகா வகுப்புகளில் பாதிக்குமேல் ஏதோ ஒரு வழியில் அவரைத் தொடும் என்று நினைக்கிறேன். பின்னாளில் வெளிநாடுகளில் யோகாவைப் பரப்பிய பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி மூவரும் மைசூரில் அவரிடம் பயின்றவர்கள். அரண்மனை ஆதரவில் அவர் அங்கே நடத்திய யோகசாலை, சுதந்திரத்துக்குப் பிறகு ஆதரவு நின்று 1950இல் மூடப்பட்டது. அப்போது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. அதன் பிறகு சென்னைக்கு வந்து, 1989இல் காலமாகும்வரை இங்கேதான் வாழ்ந்தார். தேடி வந்தவர்களுக்கு ஒவ்வொருவராக, ஆளுக்குத் தகுந்தபடி சொல்லிக் கொடுத்தார். பொறியியல் படித்திருந்த அவர் மகன் தேசிகாசார், தூக்கமின்மை தீர்ந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தன் தந்தையைத் தேடி வந்து நெகிழ்ந்து நன்றி சொன்னதைப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற யோகா நிலையத்தை நிறுவினார். வீட்டில் நடத்துவது ஏதோ சின்ன வேலை, பெரிய ஸ்டுடியோ வைப்பதற்கு முந்தைய படி என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தச் சரித்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் அறைக்கு வருகிறேன். 16 அடிக்கு 14 அடி, மொசைக் தரை. மொசைக்கில் மெல்லிய விரிப்பு வழுக்கும். அதனால் கெட்டியான பவானி ஜமுக்காளம் வாங்கி, அடியில் பழைய ரப்பர் விரிப்பைப் போட்டோம். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் அடுத்தவர் மேல் படாதபடி விரித்தால் எட்டு ஜமுக்காளம் கொள்ளும். அப்படி வந்ததுதான் எட்டு பேர் என்ற கணக்கு. அதுதான் சரியான கணக்கு என்பது எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

2015 ஜூன் 21 அன்று முதல் சர்வதேச யோகா தினம் கொண்டாடினார்கள். அதைத் தொடர்ந்து எங்கள் பகுதியிலும் திடீரென்று ஆர்வம் பெருகியது. வருகிறேன் என்றவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் பக்கத்தில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்தேன். 30 பேர், கையில் மைக். வருமானம் மூன்று மடங்கானது. ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன். என் குரல் அவர்களுக்குக் கேட்டது, அவர்கள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. முன்னறையில் எட்டு பேர் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் மூன்றாவது ஜமுக்காளத்தில் இருப்பவர் மூச்சை அடக்குகிறார் என்று தெரிந்துவிடும். ஆசனத்தில் ஒருவர் தன் அளவைத் தாண்டுகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். முகம் சிரித்துக்கொண்டிருக்கும், மூச்சு திணறும். நான் கற்றுக்கொண்டதிலேயே முக்கியமானது இது. அதனால்தான் சொல்கிறேன், எத்தனை பேருடைய மூச்சை உங்களால் கேட்க முடிகிறதோ அத்தனை பேரை மட்டும் சேருங்கள்.

மூச்சை மட்டுமல்ல, மாணவரிடம் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விட்டதால் நடந்த ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1997இல் வங்கியில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். 40 வயதிருக்கும், நல்ல உடல்வாகு. மூன்றாவது மாதத்தில் சர்வாங்காசனம், அதாவது தோளில் உடம்பைத் தாங்கிக் காலை மேலே தூக்கும் ஆசனம், செய்ய வைத்தேன். கால் நேராக நிற்கட்டும் என்று நானே பிடித்துத் தூக்கிவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பல வருடம் முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டது என்பதை அப்போதுதான் சொன்னார். நான் கேட்டதே இல்லை. அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் தேறும்வரை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தேன்.

அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் இரண்டு பக்கம். அறுவை சிகிச்சை, விபத்து, பி.பி., சர்க்கரை, மூட்டு, தூக்கம், சாப்பிடும் மருந்து எல்லாம் கேட்டு எழுதுகிறேன். கண் அழுத்தம் பற்றித் தனியாகக் கேட்பேன். கிளாக்கோமா உள்ளவர்கள் தலை கீழாக இருக்கும் எந்த நிலையும் செய்யக் கூடாது, ஏனென்றால் அதில் கண்ணின் அழுத்தம் ஏறும். கர்ப்பிணிகளுக்குக் கபாலபாதி, அதாவது மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, கிடையாது. யாரையும் நான் கையால் இழுத்து ஆசனத்தில் வைப்பதில்லை. தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தைப் பொது வகுப்பில் சொல்லித் தருவதும் இல்லை. இதனால் சிலர் வேறு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள், பரவாயில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லோரையும் போல நானும் ஜூமுக்குப் போனேன். அதிலும் இதே பிரச்சினைதான். இரைச்சல் வருகிறது என்று எல்லோரையும் மியூட் செய்தால் மூச்சே இல்லாத எட்டு படங்கள் எதிரில் தெரியும். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். முறை வைத்து ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார், ஐந்து நிமிடம் அவர் மூச்சைக் கேட்டு நான் எண்ணிக்கை சொல்வேன். வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு இன்றும் இப்படித்தான் நடத்துகிறேன்.

வீட்டில் நடத்துவதில் கஷ்டம் யோகாவில் இல்லை, வீட்டில்தான். கடைசியில் ஓய்வுக்காக மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் எட்டு பேர் கண்மூடிக் கிடக்கும்போது சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசனை வரும். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். என் மாமியார்தான் அதற்கு வழி செய்தார்: ஆறே முக்கால்வரை அடுப்பில் பால் மட்டும். அவர் இருந்தவரை அந்த விதியை யாரும் மீறவில்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருடமாகக் காலைப் பேப்பரைப் பின்கட்டில் உட்கார்ந்துதான் படிக்கிறார். குழந்தைகள் பரீட்சைக்குப் படித்ததும் அங்கேதான். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் இப்படி மனமாரச் சம்மதித்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

வாசலில் வண்டி நிறுத்துவதில்தான் அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வரும். முதல் நாளே பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள், யார் கேட் முன்னாலும் வண்டி நிற்கக் கூடாது என்று மாணவர்களிடமும் கறாராகச் சொல்லுங்கள். முன்னறையிலிருந்தே போகும்படி ஒரு பாத்ரூம் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் வகுப்பு நடத்தலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2012 மின்வெட்டுக் காலத்தில் ஃபேன் இல்லாமல், ஜன்னலைத் திறந்துவைத்து அரிக்கேன் வெளிச்சத்தில் நடத்தினோம். திருச்சி வெயிலுக்குக் காலை ஐந்தரை மணி வகுப்புதான் உகந்தது என்று அப்போது முடிவானது. இன்றுவரை மாற்றவில்லை.

பணம். 1993இல் மாதம் 50 ரூபாய், இப்போது 900. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என மூன்று வகுப்பு. எல்லா இடமும் நிறைந்து எல்லோரும் கட்டினால் 21,600 ரூபாய். மே மாதத்திலும் தீபாவளி சமயத்திலும் குறையும். கட்ட முடியாதவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் இடம் வைத்திருக்கிறேன், அது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சொந்த வீடும் வீட்டுக்காரரின் சம்பளமும் இருந்ததால் எனக்கு இது போதுமானதாக இருந்தது. வாடகை வீடு, பிள்ளைகள் படிப்பு, ஐ.டி. சம்பளத்தை நம்பி வாங்கிய கடன் இருந்தால் உங்களுக்குப் போதாது. வேலையை விடாமல் காலை வகுப்பு ஒன்றை மட்டும் இரண்டு வருடம் நடத்திப் பாருங்கள்.

படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 200 மணி நேரச் சான்றிதழ் என்று எங்கும் விளம்பரம் பார்ப்பீர்கள். அது யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு வகுத்த அளவு. மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வுகளும் உண்டு. பல்கலைக்கழகங்களில் டிப்ளமோ, எம்.எஸ்சி. வரை இருக்கிறது. உடற்கூறு தெரிந்துகொள்ள இவை அவசியம். நானும் 40 வயதுக்கு மேல் தபால் வழியில் டிப்ளமோ முடித்தேன். ஆனால் ஒரு மாதத்தில் 200 மணி நேரத்தை முடித்துவிட்டு மறுநாளே வகுப்பு எடுக்காதீர்கள். ஓர் ஆசிரியரின் வகுப்பில் ஒரு வருடமாவது ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் செய்வதைப் பாருங்கள்.

வயது ஏறும்போது ஆசிரியர் உடம்பும் மாறும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 58 வயதில் எனக்கு வலது முழங்கால் தேய்ந்தது. மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனம் நின்றுபோயிற்று. செய்து காட்ட முடியாதவள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று சில மாதம் ரொம்பவும் உடைந்துபோயிருந்தேன். அப்போது முதல் நாள் வந்த மூவரில் ஒருவரான பள்ளி ஆசிரியை அக்கா சொன்னார்: "நீங்க செஞ்சு காட்டி நான் எப்பங்க பாத்தேன்? கண்ணை மூடிக்கிட்டு உங்க கணக்கைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்." மறுநாள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வகுப்பு எடுத்தேன்.

அந்த அக்காவுக்கு இப்போது 70 வயதுக்கு மேல். வாரம் மூன்று நாள் பேத்தி கொண்டுவந்து விடுகிறாள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து எழ முடியாததால் எனக்கு எதிரே அவருக்கும் ஒரு நாற்காலி. கையைத் தூக்கும்போது ஆறு எண்ணும்வரை இழுக்கிறார், இறக்கும்போது எட்டு எண்ணும்வரை விடுகிறார். கை முந்துவதில்லை. மாலை வகுப்பை நான்கு வருடமாக என் மாணவி ஒருத்தி எடுக்கிறாள். நான் பின்கட்டில் உட்கார்ந்திருப்பேன். திருச்சிப் பக்கம் வந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.