வெளியே கருகல், உள்ளே சிவப்பு

கேள்வி: அக்கா, புது வீட்டுக் கொல்லைப்புறத்தில் சார்கோல் கிரில் வைத்திருக்கிறோம். பீஃப் பர்கர் சுட்டால் வெளியே கருகி, உள்ளே சிவப்பாகவே இருக்கிறது. "ஸ்டேக்கை அப்படித்தானே சாப்பிடுகிறோம்" என்கிறார் நண்பர். 5 வயது மகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், டாலஸ்

பதில்: கூடவே கூடாது, தம்பி. முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். அனல் பட்டால் செத்துவிடும். அரைத்த கறியில் அது உள்ளே வரை கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கரால் ஈ.கோலை ஓ157:எச்7 பரவி, 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 4 குழந்தைகள் இறந்துபோனார்கள். சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடும் கிருமி அது.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகும் முன்பே பழுப்பாகிவிடும் கறியும் உண்டு. கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நடுப்பகுதி வரை செருகினால் 160 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். சிக்கன், டர்க்கி என்றால் 165.

கருகலுக்கு வழி இருக்கிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். அனல் மேல் இருபுறமும் சிவக்க வாட்டி, கரியில்லாத பக்கம் நகர்த்தி மூடிவிட்டால் நிதானமாக வேகும். முக்கால் அங்குலக் கனம் போதும். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைத்தால் உப்பிக்கொள்ளாது. கரண்டியால் அழுத்தவே அழுத்தாதீர்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பும், கறியும் வறண்டுபோகும். கொழுப்பு 20 சதவீதம் உள்ள கறியாக வாங்குங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் ரப்பராகிவிடும். நம்மவர்கள் வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சிபூண்டு எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள். ருசிதான், ஆனால் அது கபாப். பர்கருக்கு உப்பும் மிளகும் போதும், அதையும் கிரிலில் போடும்போதுதான் தூவ வேண்டும்.

விருந்துகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: பச்சைக்கறி வைத்த தட்டிலேயே வெந்த பர்கரையும் எடுத்து வைக்கிறார்கள். தட்டும் இடுக்கியும் தனித்தனியாக இருக்கட்டும். உங்கள் ஊர் வெயில் 90 டிகிரியைத் தாண்டினால், பச்சையோ வெந்ததோ, 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது.

மழை வந்தால் கிரிலை கராஜுக்குள் இழுக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அன்றைக்கு அடுப்பில் இரும்புச்சட்டியிலேயே சுட்டுக்கொள்ளலாம். அதற்கும் அதே 160தான்.